கஷ்டமான பரீட்சை முதலில்

ஓஹையோ
மார்ச், திங்கட்கிழமை காலை

அன்புள்ள மகள் கொரீனுக்கு,

அப்பா எழுதுவது. ஒகினாவா படைத்தளத்தில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை, வேலைக்காலம் முழுக்க ஊராரின் கடிதங்களைத் தோளில் சுமந்தவன் முறையை மீறக்கூடாது, ஆகவே எழுதிவிட்டேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கீழே படித்து நீயே முடிவு செய்துகொள். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்கு இந்த மனிதர் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் நான் பேசும்போது அம்மா என் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு கூடவே கேட்கிறாள், உனக்குத் தெரியும். இது அவள் கேட்கக்கூடாத சங்கதி. இப்போது அவள் சர்ச்சில் உடைந்த பென்சில்களைச் சீவும் வேலைக்குப் போயிருக்கிறாள், பன்னிரண்டு மணிக்குப் போதகர் மனைவி க்வென் கொண்டுவந்து விடுவாள், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. ஆறு இந்த வருடம் கரையேறவில்லை, ஏறியிருந்தாலும் நனைவதற்கு ஆற்றோர வீதியில் கடை எதுவும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள், ஆள் போதவில்லையாம். ஆக நம் கவுண்டி எல்லைக்குள் இனிமேல் சாகலாம், பிறக்க முடியாது. அதைப் பெரிய எழுத்தில் போட வேண்டிய பத்திரிகையையும் மூடிவிட்டதால் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. பக்கத்து வீட்டு க்ளைட் முழங்காலை மாற்றிக்கொண்டார். ஆயுசு முழுக்க நிலக்கரிப் படகு ஓட்டிய மனிதர் இப்போது தன் வீட்டு மூன்று படியை இறங்க என்னைக் கூப்பிடுகிறார், கூப்பிடும்போது கப்பல் சங்கு மாதிரி ஊதுகிறார். நிலவறையில் இருக்கும் ஹீட்டர் ஜனவரியில் ஒருமுறை செத்துப் பிழைத்தது. உன் பழைய அறையின் ஜன்னலை அடைத்திருக்கிறேன், குளிர் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது என்று இத்தனை வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன். நீ ஏன் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று சொல்லியிருப்பேன்.

இனி விஷயம். அம்மாவின் பட்டப்படிப்பைப் பற்றித்தான். உன்னோடு வந்து தங்கியிருந்த அந்த இந்தியத் தோழி, இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவள் நீதான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்றாளே, அது ஞாபகம் வருகிறது. நான்கு வருடம் முன்பு கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது படைத்தளத்தில் இலவசமாக எழுதலாம் என்று ஒரு பரீட்சைப் புத்தகத்தைக் கொண்டுவந்து சமையலறை மேஜைமேல் போட்டாய். இரண்டு பரீட்சை எழுதினாய், பிறகு உன்னை இரவு ஷிப்டில் போட்டார்கள், விமானத்தின் வயிற்றுக்குள் படுத்து ரிப்பேர் பார்த்துக்கொண்டு யார்தான் படிக்க முடியும். புத்தகம் இங்கேயே தங்கிவிட்டது. அம்மா அதன்மேல் சூடான பிஸ்கட் தட்டை வைத்தாள், ஒரு வாரம் கழித்துத் தட்டை எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். நடுநிலைப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் இத்தனை வருடம் உருளைக்கிழங்கு அள்ளிப் போட்டவள். வரிசையில் தட்டோடு நிற்கிற பிள்ளைகள் அந்த அரை நிமிஷத்தில் அவளிடம் சொல்லாத வீட்டுச் சேதி கிடையாது. பிரின்சிபால் அறைக்குப் பக்கத்தில் ஆலோசகருக்கு என்று ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு டிஷ்யூப் பெட்டி எல்லாம் தயாராக இருக்கிறது, ஆலோசகர்தான் இல்லை. உளவியல் பட்டம் இருந்தால் உதவி ஆலோசகராக எடுத்துக்கொள்கிறேன் என்று பிரின்சிபால் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

நம் நாட்டில் அறிவு மலிவு, அதைக் கேட்டுக்கொண்டு உட்காருகிற நாற்காலிதான் ஆனை விலை. ஒரே ஒரு பாடத்தைக் கல்லூரியில் போய்ப் படிக்க ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய வண்டியின் விலை ஆகிறது. அதே பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு, பரீட்சை மையத்தில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பாஸ் செய்தால் அந்த வண்டியின் ஒரு டயர் விலைதான். அப்படி வாங்கிய மார்க்குகளை வரிசையாகச் சேர்த்துக் கொடுத்தால் பட்டமாக மாற்றிக் கொடுக்கிற கல்லூரி கிழக்கே ஒன்று இருக்கிறது. அதன் கட்டடத்தை நாங்கள் பார்த்ததில்லை, கட்டடம் உண்டா என்று கேட்கவும் இல்லை. அம்மா திட்டம் போட்ட விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ராணுவத்தில் உன் மேலதிகாரிகள் அப்படிப் போட்டிருந்தால் சில போர்களை ஜெயித்திருப்பார்கள். எந்தப் பரீட்சையை அந்தக் கல்லூரி ஏற்கும், எதை ஏற்காது, எது மேல்வகுப்புக் கணக்கில் சேரும், எந்த ஒரு பாடத்தை மட்டும் அவர்களிடமே படித்துத் தீர வேண்டும், எல்லாவற்றையும் விசாரித்து ஒரே தாளில் எழுதி, உன் படைத்தளத்தின் காந்த வில்லையால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். இதில் ஒரு படுகுழி உண்டு. பரீட்சை நடத்துகிற கம்பெனிகள் இரண்டு மூன்று, ஒரே சரக்குக்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், தெரியாதவர்கள் இரண்டையும் எழுதி இரண்டிலும் பாஸ் செய்துவிட்டுக் கல்லூரியில் போய் நின்றால் ஒன்றுக்குத்தான் கிரெடிட் கொடுப்பார்கள். அம்மா அதில் விழவில்லை, விழ இருந்த க்வெனின் மருமகளையும் கையைப் பிடித்துத் தூக்கினாள். “ஒரே மாட்டை ரெண்டு சந்தையில விக்க முடியாதுடி” என்று சர்ச் கூடத்தில் பீன்ஸ் கேஸரோல் பரிமாறிக்கொண்டே சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது, இப்போது அது ஊர்ப் பழமொழி.

ஒன்று மட்டும் எனக்கு அப்போதே புதிராக இருந்தது. இந்த வழியில் போகிறவர்கள் எல்லோரும் சுலபமான பரீட்சையில் தொடங்குவார்கள், பயம் தெளியட்டும் என்று. அம்மா உயிரியலில் தொடங்கினாள். அடுத்து புள்ளியியல், அடுத்து அமெரிக்க வரலாறு, தேதி தேதியாக, ஜனாதிபதி ஜனாதிபதியாக. அதற்கப்புறம்தான் அறிமுக உளவியலும் மற்றவையும். கஷ்டமானதை ஏன் முதலில் வைத்தாய் என்று கேட்டேன், “கசப்பை மொதல்ல முழுங்கிடணும் வெர்ன்” என்றாள். நன்றாகத்தான் சொல்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றாகப் பாஸ் செய்தாள். கல்லூரி கட்டாயம் என்று சொன்ன அந்த ஒரு பாடத்தையும் போன வசந்தத்தில் இதே மேஜையில் எழுதி முடித்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சை, மனித வளர்ச்சி என்று பெயர், கருப்பையில் ஆரம்பித்துக் கல்லறையில் முடிகிற பாடம். எண்பதுக்கு ஐம்பது எடுத்தால் மனிதன் எப்படி வளர்கிறான் என்று உங்களுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வார்கள்.

அதை எழுதத்தான் அக்டோபரில் அவளைப் பக்கத்துக் கவுண்டி காலேஜில் இருக்கும் பரீட்சை மையத்துக்குக் கூட்டிப்போனேன். எப்போதும்போல நான் வண்டியில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்ததும் அவள் வரவில்லை, மேற்பார்வை பார்க்கிற யோலாண்டா என்ற அம்மாள் கோட்டுகூடப் போடாமல் கார் நிறுத்தும் இடத்தைக் கடந்து வந்து கண்ணாடியைத் தட்டினாள். உங்கள் டார்லா பாத்ரூமுக்குப் போயிருக்கிறாள் என்றாள். பிறகு, “நான் இதைச் சொல்லக்கூடாது மிஸ்டர் ஹாஸ்கெட். இன்னிக்கு உங்க வீட்டம்மா எழுதினது மனித வளர்ச்சி இல்ல, அறிமுக உளவியல். அதுக்குத்தான் பேர் குடுத்து, அதுக்குத்தான் பணம் கட்டியிருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இதே நாற்காலில உக்காந்து இதையேதான் எழுதினாங்க, அப்ப அறுபத்தேழு. இன்னிக்கு நாப்பத்துநாலு. கம்ப்யூட்டருக்கு இதுல ஆட்சேபணை ஒண்ணும் கெடையாது. எனக்குத்தான் மனசு கேக்கல” என்றாள். நான் நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். கடைசியில் அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டே திரும்பி ஓடினாள், குளிர் அப்படி.

வண்டியில் ஏறியதும் அம்மா, இந்தத் தடவை என்னமோ சரியா வரல, கேள்வியெல்லாம் எங்கேயோ பார்த்த மூஞ்சி மாதிரி இருந்துச்சு, பேர்தான் வரல என்றாள். பூசணிக்காய் விற்கிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, யோலாண்டா சொன்னதை அப்படியே சொன்னேன். நான் பொய் சொன்னால் என் காது சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியும், வேறு வழியில்லை. பிறகு சிரித்தாள். “ஒரே மாட்டை ஒரே சந்தையிலயே ரெண்டு தடவை வித்துட்டேனா?” என்றாள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் சொன்னாள், தனக்கு இது புதுச் சேதி இல்லை என்று. அவளுடைய அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயசில் மறதி நோய் ஆரம்பித்தது, நீ சின்னவள், உனக்கு நினைவிருக்காது, ஒரு வசந்தம் முழுக்க ஒவ்வொரு வியாழக்கிழமையும், நவம்பரில் வர வேண்டிய நன்றித் திருநாள் இன்றுதான் என்று பாட்டி வான்கோழி வாட்டினார், யாரும் மறுக்கவில்லை, வாரா வாரம் போய்ச் சாப்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தோம். “அதே படியில நானும் இறங்குவேன்னு எனக்கு எப்பவோ தெரியும். நான் ஏன் உயிரியலை மொதல்ல எழுதினேன்னு நெனச்ச? மனப்பாடம் பண்ண வேண்டியதெல்லாம் மொதல்ல. வாழ்ந்தாலே தெரிஞ்சு போறது கடைசில. அந்த நாற்காலியும் டிஷ்யூப் பெட்டியும் பிரின்சிபாலுக்குச் சொன்ன காரணம் வெர்ன். என்னைத் தின்னப்போறது எதுவோ, அதோட பேரும் ஊரும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு அது முன்னாடி நிக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்” என்றாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கொரீனுக்குச் சொல்லாதே, பட்டம் வரட்டும், பட்டத்தோட சேத்துச் சொல்லிக்கலாம் என்றாள். நான் சரி என்றேன். ஒரு பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

கொலம்பஸ் நகரத்துக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். உன் வயசுதான் இருக்கும், வாத்துப் படம் போட்ட டை கட்டியிருந்தார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார், பிறகு அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா இரண்டைச் சொன்னாள், மூன்றாவதற்குப் பதிலாக, “இதுக்கு எத்தனை கிரெடிட் டாக்டர்?” என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை, பாஸ் மார்க் எவ்வளவு என்று அடுத்த கேள்வி கேட்டாள், இதில் பாஸ் ஃபெயில் எல்லாம் இல்லை என்றார் அவர். ஃபெயில் ஆனவங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவாங்க என்று கோட்டை மாட்டிக்கொள்ளும்போது என்னிடம் சொன்னாள். ஆரம்ப நிலைதான் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை என்ன செய்யும் என்று கேட்டேன், மெதுவாக்கலாம் என்றார், எதை மெதுவாக்கும் என்பதில் அவரும் அவ்வளவு உறுதியாக இல்லை.

குளிர்காலம் முழுக்கப் படிப்புதான். சாப்பாடு முடிந்ததும் க்ளைட் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவார், அம்மா எழுதி வைத்திருந்த கேள்வி அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். மனித வாழ்க்கையை எட்டுப் படியாகப் பிரித்து ஒரு பாடம். அறுபத்தைந்துக்கு மேல் எட்டாவது படி, வாழ்ந்தது போதும் என்ற நிறைவா அல்லது வீணாப்போச்சே என்ற கசப்பா என்று தீர்மானிக்கிற வயசாம். “அப்ப நான் மேல்படியில நிக்கிறேன், மரியாதையாப் பேசு டாக்டரம்மா” என்றார் க்ளைட். “நீ ரெண்டாவது படியை இன்னும் தாண்டல க்ளைட், அது கக்கூஸ் பழகுற வயசு” என்றாள் அம்மா. அவர் சிரித்த சிரிப்பில் புது முழங்கால் மேஜையில் இடித்துக்கொண்டது. இப்படிச் சில ராத்திரி அவளை யாரும் பிடிக்க முடியாது. வேறு சில ராத்திரி ஒரே அட்டை நாலுமுறை வந்தாலும் அவளுக்கு அது நாலு புது அட்டை. க்ளைட் அதைப் பார்த்துவிட்டார். அவள் சரியாகச் சொன்ன அட்டைகளை அடியில் வைக்காமல் மறுபடி மேலேயே சொருக ஆரம்பித்தார், கடைசி அட்டையில் அவள் ஜெயிக்காமல் எழுந்து போகக்கூடாது என்று. நான் விறகடுப்பைக் கிளறிக்கொண்டு இருந்தேன், பார்க்கவில்லை.

பிப்ரவரியில் போனோம். இந்தத் தடவை பெயர் கொடுத்ததை நானும் பார்த்தேன், சரியான பரீட்சைதான். நீ அனுப்பிய நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். போகும் வழியெல்லாம் எட்டுப் படியையும் ஒப்பித்தாள், ஆறுதான் வந்தது, ஏழாவதும் எட்டாவதும் நாமதானே, அதுக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். நான் காத்திருந்தேன். கண்ணாடி வழியாக யோலாண்டா வருவதைப் பார்த்தேன், கோட்டு இல்லை. அந்த அம்மாள் கோட்டில்லாமல் நடந்து வந்தால் எனக்கு இனி வேறு சேதி தேவையில்லை.

பரீட்சை முடிந்ததும் மார்க்கைக் காட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். நீ எழுதியிருக்கிறாய், உனக்குத் தெரியும். இந்தப் பரீட்சையைக் கணக்கில் சேர்க்கட்டுமா, ரத்து செய்யட்டுமா. சேர் என்றால் மார்க் தெரியும். ரத்து என்றால் அழிந்துபோகும், என்ன மார்க் என்று யாருக்கும் எப்போதும் சொல்லமாட்டார்கள், மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள். எழுதியவர்களில் யாராவது ரத்தை அழுத்துவார்களா என்று நான் யோசித்ததுண்டு. அம்மா அந்தக் கேள்வியை ரொம்ப நேரம் படித்தாளாம். விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாளாம். பிறகு ரத்து என்பதை அழுத்தினாளாம். மறுபடி கேட்டது, நிச்சயமாகவா என்று. நிச்சயமாக என்று அழுத்தினாளாம். “நான் அஞ்சடி தள்ளி நிக்கிறேன், வாயைத் திறந்தா என் வேலை போயிடும், திறக்காம நின்னுட்டேன்” என்று யோலாண்டா அழுதாள். புரியாமல் அழுத்தினாளா, அல்லது உள்ளே உட்கார்ந்து தன்னைத் தானே திருத்திப் பார்த்து, இது தேறாது என்று நேர்மையாக முடிவு செய்தாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் அவள் செய்யக்கூடியதுதான். அவள் பாஸ் செய்திருக்கலாம். அந்த மார்க் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஓர் இயந்திரத்துக்கு ஒரு விநாடி தெரிந்திருக்கும்.

பின்னாலேயே அம்மா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “பாஸ் பண்ணிட்டேன் வெர்ன்” என்றாள். எவ்வளவு என்று கேட்டேன், வாய் தானாகக் கேட்டுவிட்டது. அம்பத்தெட்டு என்றாள், யோசிக்கவே இல்லை. ஐம்பத்தெட்டு என்பது அமெரிக்க வரலாற்றில் அவள் வாங்கிய மார்க். அன்றைக்கும் இதே வண்டிக்கு இப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தாள், அன்றைக்குக் கொண்டாட அந்தப் பான்கேக் கடைக்குப் போனோம். இன்றும் பான்கேக் கடைக்குப் போகலாம் என்றாள். போனோம். பரிமாற வந்த பெண்ணிடம் சொன்னாள், அந்தப் பெண் பான்கேக்மேல் மெழுகுவர்த்தி வைத்துக் கொண்டுவந்தாள், அடுத்த மேஜையில் லாரி ஓட்டுகிறவர்கள் கை தட்டினார்கள். நான் எந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீயே சொல். சாயந்திரம் க்வெனுக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொன்னாள், நீ சந்தோஷத்தில் கத்தியது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. சர்ச்சில் பெரிய கேக் வெட்டினோம். மேலே பட்டதாரித் தொப்பி, கறுப்புச் சர்க்கரைப் பாகில். அன்றைக்கு எடுத்த படத்தில் நம் மெத்தடிஸ்ட் சர்ச்சுக்காரர்கள் அத்தனை பேருக்கும் பல் கறுப்பு, நடுவில் அம்மா, அவளுக்கு மட்டும் நாக்கும் கறுப்பு. பிரின்சிபாலும் வந்திருந்தார், என்னைத் தனியாக அழைத்துப்போய், அந்த ஆலோசகர் வேலையை இரண்டு வருடம் முன்பே பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், டார்லாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறேன் என்றார். கவலைப்படாதீர்கள், இந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் நான் நிற்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கல்லூரிக்கும் போன் செய்து பார்த்தேன். மனைவியின் நிலைமையைச் சொல்லி, ஒரே ஒரு பரீட்சைதானே என்றேன். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். வருடச் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் வரை அவர்களுடைய மாணவர் எண் உயிரோடு இருக்கும், அவசரமே இல்லை, எத்தனை வருடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஆக, மே மாதம் மறுபடி எழுதலாம். எழுத வேண்டுமென்றால் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னால் ஒருநாள் முழுக்க உடைந்துபோவாள், மறுநாள் மறந்துவிடுவாள், மறுபடி சொல்ல வேண்டும், மறுபடி உடைவாள். அப்படிச் சொல்லிச் சொல்லி மே வரை கொண்டுபோனாலும் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போவது எந்த டார்லா என்று தெரியாது. சொல்லாவிட்டால் அவள் பட்டதாரி. சாகும்வரை பட்டதாரி. இதுவரை அவளிடம் ஒளித்துவைக்க எனக்கு ஒன்றும் இருந்ததில்லை, இருந்தாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். இப்போது காது சிவந்தால் குளிரா வெர்ன் என்று கேட்டு மப்ளரைச் சுற்றிவிடுகிறாள். நான் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் நீ அவள் மகள், உனக்கும் இதில் ஒரு வாக்கு உண்டு. அவள் இத்தனை வருடம் கஷ்டப்பட்டது பெயருக்காக இல்லை, உண்மையிலேயே ஜெயிக்கத்தான், அவளுக்குத் தெரியட்டும், மறுபடி முயலட்டும் என்று நீ நினைத்தால் எழுது. ராத்திரியெல்லாம் நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். விடிந்ததும் அவள் எழுந்து வந்து பட்டதாரிக்குக் காபி உண்டா என்று கேட்கிறாள், இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

பட்டம் வரும்வரை உன்னிடம் சொல்லாதே என்று வாக்கு வாங்கியிருந்தாள். பட்டம் வந்துவிட்டது என்று அவளே ஊரெல்லாம் சொல்வதால் வாக்கின் கெடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பட்டமளிப்புக்கு லீவு போட்டு வருகிறேன் என்றாயே. அப்படி ஒன்றும் நடக்கப்போவதில்லை. ஆனாலும் வா. மே மாதத்துக்கு முன்னால் வா. வரும்போது கறுப்பு அங்கி ஏதாவது கிடைத்தால் கொண்டு வா, கேட்டாலும் கேட்பாள். இன்னொன்று, இதை நான் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ விட்டுவிட்ட படிப்பை மறுபடி எடு. உனக்கு அங்கே இலவசம், வயசும் முப்பத்தாறுதான். எடுக்கும்போது கஷ்டமான பரீட்சையை முதலில் எழுது. இது உன் அம்மாவின் யோசனை, என்னுடையது அல்ல. காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை. அப்புறம், அந்தக் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது, ராணுவமே செலவு செய்கிறபோது எதற்கு வலியைப் பொறுத்துக்கொண்டு திரிகிறாய். சூறாவளி எச்சரிக்கை வந்தால் வேடிக்கை பார்க்க வெளியே நிற்காதே.

கடவுள் உன்னோடு இருக்கட்டும், அவருக்கு ஒழிந்த நேரத்தில் எங்கள் பக்கமும் வந்து போகட்டும். நீ நீண்ட நாள் சுகமாக வாழ வேண்டும், வாழ்ந்த நாளெல்லாம் உனக்கு நினைவில் இருக்க வேண்டும். இதற்குமேல் ஓர் ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

மறக்காமல் பதிலை நம் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, க்ளைட் வீட்டுக்கு எழுது. நம் தபால் பெட்டியை இப்போதெல்லாம் அம்மாதான் திறக்கிறாள். மதியம் ஆனால் கோட்டை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் போய் நிற்கிறாள், பட்டம் தபாலில் வரும் என்று. நான் தபால் கொடுத்த பழைய வழியில் இப்போது ப்ரியானா என்று ஒரு சின்னப் பெண் வருகிறாள். “பெரிய கவரா இருக்கும், மடிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கும், மடிச்சுடாதம்மா” என்று அம்மா தினமும் அவளிடம் சொல்கிறாள். இன்னிக்கு இல்லீங்க என்று அவளும் தினமும் சொல்கிறாள், ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அவ்வளவு வருடம் ஒவ்வொரு வீட்டுக்கும் தபால் போய்ச் சேர வேண்டுமே என்று பனியில் நடந்தவன், ஒரு தபால் வராமலே இருக்க வேண்டுமே என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பது இப்போதுதான்.

க்வெனின் கார் திரும்புகிறது, முடிக்கிறேன்.

உன் அன்புள்ள அப்பா,
வெர்னன் ஹாஸ்கெட்

பி.கு. இதை ஒட்டாமல் மேஜை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன், இன்று புதன்கிழமை. மதியம் தபால் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. தபால் வந்திருக்கு டார்லா என்றேன். ஆமா, வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள். பிறகு நானே கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். ப்ரியானா மளிகைக்கடை விளம்பரத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். நான் கூடவே நாலடி நடந்து, வேறே ஏதாவது இருக்கா, பெரிய கவரா, மடிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கும் என்று கேட்டேன்.